சுவர் வியர்த்த வீடு

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவில் நாங்கள் ஏலத்தில் எடுத்த வீட்டின் பூட்டை இன்று மாற்றியாயிற்று. பழைய பூட்டைச் சுற்றிப் பொலிஸ் உடைத்த அடையாளம் அப்படியே இருந்தது. பூட்டுக்காரன் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

கந்தோருக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் வாசலில் ஆறு பேர் குளிரில் நின்றார்கள், ஆளுக்கொரு கடித உறையுடன். விசா கொடுக்கிற பிரிபெக்சர், வரி, வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம். வருகிற பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்து, தமிழில் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. பதினெட்டு வருடமாகிறது.

இந்த வீட்டின் ஏலப் பத்திரத்தையும் நான்தான் வாசித்தேன். பதினான்காம் பக்கம், நடுவில் மூன்று வரி: இந்த வீட்டில் போதைப்பொருள் தயாரிக்கப்பட்டிருக்கிறது, பொருட்கள் அகற்றப்பட்டுவிட்டன, எஞ்சியிருக்கக்கூடிய மாசு வாங்குபவரின் பொறுப்பு. ஐஸ் காய்ச்சியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த விலைக்கு விட்டார்கள்.

என் கணவர் கேட்டார்: "கழுவினாப் போகுமோ? நீர் கெமிஸ்ரி படிச்சனீர்தானே."

"போகும்" என்றேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து இருபத்திரண்டு வருடம். அதற்குப் பிறகு ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை. யோசியாமல் சொன்னேனா? இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். ஆனால் நான் யோசித்தது சுவரைப் பற்றியல்ல, இவருடைய முதுகைப் பற்றி. றெஸ்ரோறன்ற் குசினியில் நின்று நின்று வளைந்துபோன முதுகு. காலையில் சப்பாத்துப் போடக் குனிய முடிவதில்லை. "இந்த ஒரு வீட்டைத் திருத்தி வித்திட்டா நான் குசினியை விட்டிடுவன்" என்று ஒரு வருடமாகச் சொல்கிறார். அந்த வசனத்துக்கு முன்னால் "போகாது" என்று எப்படிச் சொல்வது?

16 பெப்ரவரி, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். நாலு பெரிய போத்தல் ஜவல் பிளீச், தும்புத்தடி, வாளிகள், நான் போட்டுக்கொண்டு போன பழைய வீட்டுச் சோட்டி. ஊர் வீடோ பாரிஸ் வீடோ, எங்கள் ஆட்களுக்கு எல்லா அழுக்குக்கும் ஜவல்தான் மருந்து. மேல் அறை இரண்டையும், குசினியையும் தேய்த்துக் கழுவினோம். வாளித் தண்ணீர் சாயம் கூடிய பிளேன்ரீ போல ஆனது.

"பாத்தீரே, எல்லாம் வருது" என்று இவர் சந்தோஷப்பட்டார்.

வருகிறதுதான். ஆனால் மூன்றாம் தரம் தேய்த்தபோதும் அதே நிறத்தில் வந்தது. ஊத்தை என்றால் குறைய வேண்டுமே.

நிலவறையில் வேறொரு மணம். பூனை மூத்திரமும் நகப்பூச்சும் கலந்ததுபோல. ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தோம்.

19 பெப்ரவரி

மூன்று நாளாகத் தலையிடி. இவருக்கும்தான், ஆனால் சொல்லவில்லை. தைலப் போத்தல் அவர் பக்கத்து மேசையில் இருக்கிறது.

2 மார்ச், ஞாயிறு

பக்கத்து வீட்டு இசபெல் வேலியருகில் வந்து கதைத்தார். எழுபது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்கள் மிகவும் மரியாதையான பிள்ளைகளாம். தன்னுடைய சாமான் பைகளைத் தூக்கிக் கொடுப்பார்களாம். ஜன்னல்களை மட்டும் எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்களாம்.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொலிஸோடு வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டிருந்தார்கள், மதாம். உங்களிடம் அது இல்லையா?"

நான் சோட்டியோடும் றப்பர் கையுறையோடும் நின்றேன். சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே வந்தேன். இவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

15 மார்ச், சனி

வெள்ளையடிக்க சூசைநாதன் வந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்தாலும் சும்மா இருக்க முடியாதாம். சுவரைப் பார்த்தார், மோந்தார், இவரிடம் திரும்பினார்.

"என்ன மெசியே குணம், இங்க யாரு குடியிருந்தது? சிகரெட்டு கம்பெனியா?"

இவர் உரக்கச் சிரித்தார். தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்.

29 மார்ச், சனி

இரண்டாவது பூச்சும் வீணாய்ப் போனது. குசினிச் சுவரிலும் மேல் அறையிலும் மறுபடி தேன் நிறத்தில் திட்டுத்திட்டாக வெளியே வந்திருக்கிறது. சூசைநாதன் உருளையை வாளியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மதாம், இது ஹுமிதிதே இல்ல. ஈரம்னா கீழேருந்து ஏறும். இது உள்ளேருந்து வருது. பூசச் சொன்னா பூசிடுவேன், எனக்கென்ன. ஆனா ஆறு மாசம் கழிச்சு ஃபோன் போட்டு, சூசை, ஏன் மஞ்சளாச்சுன்னு கேக்கக் கூடாது. சுவத்துக்குள்ள என்ன இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் இவர் வந்துவிட்டார். "பழைய வீடுதானே அண்ணை. கரி அடுப்பு வைச்சிருந்திருப்பாங்கள்."

சூசைநாதன் தூரிகைகளைக் கழுவி, துணியில் சுற்றி, பையில் வைத்தார். மூன்றாம் பூச்சுக்கு நிற்கவில்லை. கறை மறைக்கும் பெயின்ற் ஒன்றை வாங்கி வந்து இவரே அடித்தார், முதுகில் பட்டி கட்டிக்கொண்டு. மாலையில் பார்த்தால் பால்போல வெள்ளை.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

6 ஏப்ரல், ஞாயிறு

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். இவர் ஆரென்று முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் சிவாஜினி.

அவளுடைய விசா, அவளுடைய பிரசவ விடுமுறை, அவள் கணவன் கஜனின் வேலை ஒப்பந்தம் - எல்லாக் கடிதமும் என் மேசையில் எழுதப்பட்டவை. "அக்கான்ர வீடெண்டு அண்ணை சொன்னவர். பிறகென்ன யோசினை?" என்று உள்ளே வந்தாள். கஜன் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பொபினியில் ஒரே அறையில் மூன்று பேராக இருக்கிறார்கள். தனக்கு வரப்போகிற குசினியில் சிவாஜினி நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கை எங்கும் முட்டவில்லை. அதற்கே சிரித்தாள்.

குழந்தையை நிலத்தில் விட்டார்கள். தமிழினிக்குப் பத்து மாதம். மேல் அறைப் பலகைத் தரையில் தவழ்ந்துபோய்ச் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். கீழே விழுந்தாள். பிறகு கையை வாயில் வைத்தாள்.

நான் தூக்கினேன். "ஊத்தை" என்றேன்.

"பரவாயில்லை அக்கா, அவள் வளரப்போற வீடுதானே" என்றான் கஜன்.

24 ஏப்ரல், வியாழன்

வீட்டு உறுதி எழுதும் நொத்தேரின் கந்தோரில் முதல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடைசிக் கைச்சாத்து யூலையில், வங்கிக் கடன் வந்த பிறகு.

ஈயம் உண்டா? அஸ்பெஸ்ரஸ் உண்டா? கறையான்? காஸ்? மின்சாரம்? ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒரு முத்திரை. எங்கள் வீடு எல்லாவற்றிலும் சித்தியடைந்தது. வீட்டில் என்ன காய்ச்சினார்கள் என்று கேட்க அந்தப் படிவங்களில் ஒரு பெட்டியும் இல்லை. சட்டப்படி ஆரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அது பொய்யா?

நொத்தேர் வாசிக்க வாசிக்க நான் தமிழில் சொன்னேன். சிவாஜினி நொத்தேரைப் பார்க்கவேயில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறையான் போல உள்ளுக்குள் அரிக்கிற பொய். ஓம், பொய்தான். நான் சொல்லாமல் விட்டது பொய்தான்.

27 ஏப்ரல், ஞாயிறு

இவர் வேலைக்குப் போன பிறகு தனியாக ரெயில் ஏறி லா கூர்னெவ் போனேன். இணையத்தில் பார்த்து எடுப்பித்த ஆய்வுப் பெட்டி: சிறு வெள்ளைத் துணிகள், மூடியுள்ள குழாய்கள், முகவரி ஒட்டிய உறை. ஒரு சதுரம் அளந்து, வெள்ளை அடித்த சுவரை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் துடைத்தேன். குசினியில் ஒன்று. குழந்தை எழுந்து நின்ற இடத்தில் ஒன்று. நிலவறையில் ஒன்று.

குழாயில் திகதி எழுதும்போது கை தன்பாட்டில் பழைய எழுத்தை எழுதியது. ஆய்வுகூடத்தில் எழுதுகிற நேரான சின்ன எழுத்து. எத்தனை வருடம்.

தபாலில் போட்டுவிட்டேன். இவருக்குத் தெரியாது.

16 மே, வெள்ளி

பதில் வந்தது. மூன்று இடத்திலும் உண்டு. பிரான்ஸில் இதற்கென்று வரம்பு ஒன்றும் இல்லாததால் வேறு நாடுகளின் வரம்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள். குசினியில் பல மடங்கு. மேல் அறையில் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தவழும் பிள்ளைகளுக்குத்தான் கூடிய ஆபத்து என்று கீழே ஒரு குறிப்பு, ஏனென்றால் அவர்கள் தொட்டதையெல்லாம் வாயில் வைப்பார்கள்.

குழந்தையைப் பற்றி அவர்களுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அது எல்லோருக்கும் அனுப்பும் குறிப்பு.

சாப்பாட்டுக்கு முதலே இவருக்கு வாசித்துச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது:

"உதை ஆர் அனுப்பச் சொன்னது?"

"ஒருதரும் இல்லை. நான்தான்."

"இப்ப என்ன செய்யிறதெண்டு நினைக்கிறீர்?"

"சாந்தை முழுக்க உடைச்செடுக்க வேணும். செங்கல் தெரியுமட்டும். அதுக்குள்ளதான் ஊறியிருக்கு. ஜவல் ஊத்தினதே பிழை. அது சொல்லத் தெரியாமல் நான் -"

"சொல்லத் தெரியாமலோ? போகும் எண்டு சொன்னது ஆர்? நானோ?"

நான்தான்.

"யூலை வரைக்கும் பொறும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "என்னால இனி ஏலாதப்பா. அந்தச் சட்டியளைத் தூக்க ஏலாது. உமக்கு விளங்குதே?"

விளங்குகிறது. விளங்குவதுதான் பிரச்சினை. அவர் கத்தியிருந்தால் நல்லது.

மகளிடம் ரெலிபோனில் மேலோட்டமாகச் சொன்னேன். லியோனில் படிக்கிறாள். நான் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் பதில்: "மமோ, சே பா நோர்மால்." சரியில்லையாம். அவளுக்கு மூன்று சொல் போதும். எனக்கு மூன்று மாதம் போதவில்லை.

17 மே

கடிதம் என் கைப்பைக்குள். கிழிக்கச் சொன்னார். கிழிக்கவில்லை. காட்டவும் இல்லை.

29 மே, வியாழன்

லீவு நாள். கஜனின் மாமி நாகேஸ்வரி ரெலிபோன் எடுத்தார். பஞ்சாங்கம் மடியிலிருக்கிறது என்பது தாள் சரசரப்பதிலேயே கேட்டது.

"பிள்ளை, வைகாசி முடிஞ்சால் ஆனி, ஆடி ரெண்டும் வீடு புக ஆகாது. நொத்தேர் யூலை எண்டுறார். அவருக்கு ஆடியோ ஆவணியோ தெரியப்போகுதே? அதாலை நாங்கள் வைகாசிக்குள்ளயே பாலைக் காய்ச்சி வைச்சிடுவம். பிறகு சாமான் எப்ப வந்தாலும் பிழையில்லை. ஒன்பதாந்திகதி திங்கள் லீவு. ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில. திறப்பை மட்டும் தா, மிச்சம் நான் பாக்கிறன்."

கடைசி எழுத்துக்கு முதல் வீட்டுத் திறப்பைக் கொடுப்பது சரியில்லை என்று சொல்லலாம். அது உண்மையான காரணம். நல்ல காரணம். அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம்.

இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "குடுக்கிறம் மாமி" என்று ரெலிபோனை வாங்கிச் சொன்னார்.

5 யூன், வியாழன்

சிவாஜினி மத்தியானம் கந்தோருக்கு வந்து அழைப்புச் சொல்லிவிட்டுப் போனாள். வெற்றிலையில் பாக்கு வைத்து. "நீங்கள்தான் முதல் ஆளா உள்ளுக்கை வரவேணும் அக்கா."

கைப்பை என் மடியில் இருந்தது. கடிதம் அதற்குள். அவளுக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில். அவர்களைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டேன்.

9 யூன், திங்கள் - பின்னேரம்

வந்ததும் எழுதி வைக்கிறேன்.

காலை மழை. இருபது பேர் அந்தச் சின்னக் குசினியில். விளக்கு அணைந்துவிடும் என்று மாமி எல்லா ஜன்னலையும் சாத்துவித்தார். புகைக்குக் கத்துகிற கருவியின் பற்றரியை இவர் முதலே கழற்றியிருந்தார். புது மின் அடுப்பில் பால் காய்ச்சக்கூடாதாம், நெருப்பு வேணுமாம். சின்னக் காஸ் அடுப்பைக் கிழக்குச் சுவரோடு வைத்தார்கள். நிறைகுடம், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் வாங்கிய மாவிலை, மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. மாமி மாவிலையால் தொட்டுத் தொட்டு எல்லா அறைக்கும் தெளித்தார். "ஆரும் முகத்தைத் துடைக்கப்படாது!"

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கஜன் ரெலிபோனில் ஊருக்குக் காட்டினான். பிறகு அதே அடுப்பில் பால்சோறு. முக்கால் மணி நேரம் கொதித்தது. சாத்திய ஜன்னல், ஆட்களின் மூச்சு, ஆவி. கண்ணாடி போட்டவர்கள் கழற்றித் துடைத்தார்கள்.

சுவர் வியர்த்தது.

முதலில் பளபளப்பு. பிறகு துளி. பிறகு ஒரு துளி இன்னொன்றோடு சேர்ந்து இறங்கத் தொடங்கியது. தேன் நிறம். வெள்ளைச் சுவரில் ஐந்தாறு கோடு மேலிருந்து கீழே. நான் இவரைப் பார்த்தேன். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ சொன்னார்கள்: "மாமி, உங்கட மஞ்சள் தண்ணி வடியுது!"

மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "தெளிச்சது கொஞ்சம். அவள் லட்சுமி வழிய விடுறாள் பார். ராசியான வீடடி சிவாஜினி." சுவரில் ஓடியதை மோதிர விரலால் தொட்டு, சிவாஜினியின் இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். குழந்தை கையை உயர்த்தி அதைத் தடவிற்று. கை வாய்க்குப் போகிறது -

நான் பறித்தேன். ஓம், பறித்தேன். தாயின் இடுப்பிலிருந்து. குழாயைத் திறந்து கையைக் கழுவி, நெற்றியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அது வீரிட்டுக் கத்தியது.

"உனக்கென்ன விசரே?" மாமியின் குரல். "நல்ல காரியத்தில பிள்ளையின்ர பொட்டை அழிக்கிறாய்!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுப்பில் பால்சோறு களக் களக் என்றது.

"அது மஞ்சள் இல்லை மாமி."

கஜன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். நல்ல பிள்ளை. "பெயின்ற்தானே அக்கா? ஈரத்துக்கு இளகுது போல."

ஒரு "ஓம்" சொன்னால் போதும். பொய்யை அவனே எடுத்து என் கையில் தந்தான். இவர் என்னைப் பார்த்தார். வெருட்டவில்லை. கெஞ்சினார். அந்த முகத்தை நான் இருபத்தொரு வருடத்தில் கண்டதில்லை.

"இல்லைத் தம்பி" என்றேன்.

பிறகு கந்தோரில் கடிதம் வாசிப்பதுபோலச் சொன்னேன். அழாமல், வரிசையாக. இங்கே என்ன காய்ச்சினார்கள். பத்திரத்தில் எத்தனையாம் பக்கம். நாங்கள் என்ன கழுவினோம், எத்தனை பூச்சுப் பூசினோம். கைப்பையிலிருந்து ஆய்வுத்தாளை எடுத்துக் குழந்தைகளைப் பற்றிய குறிப்பையும் தமிழில் சொன்னேன். சிலர் ஜன்னலைத் திறந்தார்கள். சிலர் கையிலிருந்த பாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

சிவாஜினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்பயிலையிருந்து தெரியும் அக்கா?"

"வாங்கேக்கையே."

அவள் தன் சேலைத் தலைப்பால் குழந்தையின் நெற்றியை இன்னொரு தரம் துடைத்தாள். பொட்டு எப்போதோ போய்விட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

பால்சோறு முழுதும் அப்படியே கிடந்தது. இவர்தான் குப்பைப் பையில் சுரண்டிக் கொட்டினார். பானையைக் கழுவவும் செய்தார். குசினிக்காரர் பழக்கம்.

10 யூன்

"நீர் என்னை ஆக்களுக்கு முன்னால கள்ளனாக்கிப்போட்டீர்."

"நானும்தானே."

"இல்லை. நீர் வாசிச்சுச் சொன்னனீர். கள்ளன் நான்தான்."

பட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

22 யூன், ஞாயிறு

வெள்ளிக்கிழமை நொத்தேரிடம் போய் ஒப்பந்தத்தை இரு பக்கமும் சேர்ந்து ரத்துச் செய்தோம். முற்பணம் திரும்பப் போகிறது. கஜன் மட்டும் வந்தான். கைச்சாத்துப் போட்டுவிட்டு, போகிற போக்கில், "பிள்ளைக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தது, ஒண்டுமில்லையாம்" என்றான். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

லா சப்பலுக்கு முழுக்கதையும் தெரியும். மீன்கடையில் நிற்கிறேன், அந்தப் பொடியன் மற்றவனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "அக்காவுக்கு ஐஸ் மீனோ, ஐஸ் வைக்காத மீனோ?" என்கிறான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கணவாயை வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல கணவாய்.

மீன்கடையைத் தாங்கலாம். கந்தோரில்தான் தாங்க முடியவில்லை. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாத்தா, கடிதத்தை நான் வாசித்து முடித்த பிறகு, மெதுவாக: "எல்லாம் வாசிச்சனியே பிள்ளை? ஒண்டும் விடேல்லையே?"

விடவில்லை ஐயா. இந்தமுறை விடவில்லை.

14 யூலை, திங்கள்

இவர் காலையில் வெளிக்கிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் மனம் கேட்காமல் நானும் லா கூர்னெவ் போனேன். கதவு திறந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் குசினிச் சுவரின் சாந்தை உளியால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த விதத்தில் இவரென்று தெரிந்தது.

மற்றவர் முகமூடியை விலக்கினார். சூசைநாதன்.

"நான் அப்பவே கேட்டேன் மதாம், சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு. சிகரெட்டு கம்பெனின்னு நெனச்சேன். எங்கிட்ட சொல்லியிருந்தா மூணு பூச்சு மிச்சம்." பிறகு இவர் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு உடுப்பு உங்களுக்கும் வாங்கி வச்சிருக்காரு."

அதைப் போட்டுக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இசபெல் என் உடுப்பைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

3 செப்ரெம்பர்

உடைத்ததையெல்லாம் சாதாரணக் குப்பையில் போட முடியாது. அதற்கென்று வருகிறவர்கள் வந்து சாக்கு சாக்காக ஏற்றிப் போனார்கள். மேல் அறைப் பலகையும் போயிற்று. குழந்தை பிடித்து எழுந்து நின்ற சுவரில் இப்போது வெறும் செங்கல்.

இவர் குசினி வேலையை விடவில்லை. விட முடியாது. பட்டி கட்டிக்கொண்டு போகிறார். நான்தான் காலையில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடுகிறேன். கதைக்காமலே காலை நீட்டுவார்.

23 நவம்பர், ஞாயிறு

புதுச் சாந்து காய்ந்துவிட்டது. பெயின்ற் இன்னும் அடிக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். ஜன்னல்களைச் சாத்தி, அதே கிழக்குச் சுவரோடு காஸ் அடுப்பை வைத்து, பெரிய சட்டியில் தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்தோம். ஒரு மணி நேரம். இரண்டு பேரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், படம் பார்ப்பதுபோல.

வியர்த்தது. வெள்ளைத் துணியால் துடைத்தேன். ஜன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இவர் வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"தண்ணிதானே?" என்றார்.

"தண்ணிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாததும் இருக்கலாம். ஆய்வுக்கு அனுப்ப வேணும்."

"அப்ப அனுப்பும்" என்றார். துணியைத் திருப்பித் தந்தபடி: "போகும் எண்டு இப்பயும் சொல்லமாட்டீர் என்ன?"

சிரித்தது அவர்தான். யூனுக்குப் பிறகு முதல் தடவை.

12 டிசம்பர், வெள்ளி

ஆய்வு முடிவு நல்லது. மூன்று இடத்திலும்.

விற்பனை விளம்பரத்தைப் பிரெஞ்சில் நானே எழுதினேன். முதல் வசனம் அறைகள், தோட்டம், ரெயில் நிலையம். இரண்டாம் வசனம் இங்கே முன்பு என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்தோம், ஆய்வுத்தாள்களைக் காட்டுவோம் என்பது. இவர் என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"அதைக் கடைசியில போடலாமே?"

"இல்லை."

"ம்."

27 ஜனவரி 2026, செவ்வாய்

வீடு இன்னும் விற்கவில்லை. இரண்டு பேர் இரண்டாம் வசனத்தோடு நின்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் ஆய்வுத்தாள்களின் பிரதி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். பார்ப்போம்.

இன்று காலை வரிசையில் கடைசி ஆளாகச் சிவாஜினி. நான் நிமிர்ந்து பார்த்தபோது வரிசை தீர்ந்து அவள் மட்டும்தான். குழந்தை நடக்கிறாள். என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை உற்றுப் பார்த்தாள். என்னை நினைவிருக்க நியாயமில்லை. இருந்தும் நான் கையை நீட்டவில்லை.

சிவாஜினி பைக்குள்ளிருந்து தடித்த ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பொபினியில் மாடி வீடு ஒன்று. வாங்கப் போகிறார்கள். வியாழக்கிழமை கைச்சாத்து.

"இந்தத் தெருவில வேற கந்தோர் ரெண்டு இருக்கே" என்றேன். ஏன் சொன்னேனோ.

"இருக்கு. அங்கையும் போனனான். அவை சுருக்கமாச் சொல்லுகினம்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. "நீங்கள் எல்லாத்தையும் வாசியுங்கோ. பதினாலாம் பக்கத்திலயிருந்து தொடங்குங்கோ."

முகத்தில் சிரிப்பில்லை. பகிடியா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

புரட்டினேன். பதினான்காம் பக்கம்: மாடி வீட்டின் லிப்ற் பராமரிப்பு, ஆர் எவ்வளவு பங்கு, பழுதானால் ஆருக்கு அறிவிப்பது. வேறொன்றுமில்லை.

இருந்தாலும் இரண்டு தரம் வாசித்தேன், ஒரு சொல்லும் விடாமல். அவள் இந்தமுறை என் வாயைப் பார்க்கவில்லை. விரலை வைத்து, வரிக்கு வரி, தாளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.